கை தேறியதா, மனம் நிறைந்ததா? ஆக்குபேஷனல் தெரபியில் எந்த அளவுகோல் யாருக்கு?

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஒருவர், சில மாதச் சிகிச்சைக்குப் பிறகு இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தானே சாப்பிடுகிறார். தெரபிஸ்ட்டின் தாளில் ‘உண்ணுதல்’ என்ற வரிக்கு முழு மதிப்பெண். அவரோ கல்யாணப் பந்தி என்றாலே நழுவிவிடுகிறார். சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியவில்லையே என்ற குறை. செயல்திறன் கூடினால் திருப்தியும் தானாகக் கூடிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பது முக்கியம். பரவலாகப் புழங்கும் நான்கைப் பார்ப்போம்.

பார்தெல் குறியீடு

1965-இல் மஹோனியும் பார்தெலும் வெளியிட்டது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என 10 அன்றாடச் செயல்கள். மொத்தம் 100 மதிப்பெண். சில நிமிடங்களில் முடிந்துவிடும், கூட இருப்பவரைக் கேட்டும் போடலாம். கூட்டம் நெரியும் வார்டுக்கு ஏற்றது. ஆனால் 100 வாங்கியவர் தனியே வாழ்ந்துவிடுவார் என்று பொருளில்லை. சமையலும் வெளியுலகப் புழக்கமும் இதில் அடங்காது என்பதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் சமாளிப்பவருக்கும் இந்தியன் டாய்லெட்டில் குந்தி எழுபவருக்கும் ஒரே மதிப்பெண்தான்.

எஃப்.ஐ.எம்.

ஃபங்ஷனல் இண்டிபெண்டன்ஸ் மெஷர் என்பதன் சுருக்கம். உடலியக்கம் சார்ந்து 13, அறிவாற்றல் சார்ந்து 5 என 18 வரிகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. மொத்தம் 18 முதல் 126. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற முழுக்கத் தூக்கிவிட வேண்டியிருந்தவருக்கு இப்போது லேசாகக் கைகொடுத்தால் போதும் என்றால், அந்த இடைப்பட்ட முன்னேற்றத்தை இது பார்தெலைவிட நுணுக்கமாகக் காட்டும். பயிற்சியும் உரிமமும் தேவை என்பதால் சிறிய கிளினிக்குகளுக்குக் கட்டுப்படியாவது கடினம்.

சி.ஓ.பி.எம்.

கனடியன் ஆக்குபேஷனல் பெர்ஃபார்மன்ஸ் மெஷர் என்பதன் சுருக்கம். கனடாவில் உருவாகி 1991-இல் வெளிவந்தது. இங்கே பட்டியல் போடுவது நோயாளி. தனக்கு முக்கியமான ஐந்து செயல்கள் வரை அவரே தேர்ந்தெடுத்து, ‘எவ்வளவு செய்ய முடிகிறது’, ‘அதில் எவ்வளவு திருப்தி’ என இரண்டுக்கும் தனித்தனியே 10-க்கு மதிப்பெண் தருவார். சிகிச்சைக்குப் பின் மீண்டும் கேட்கும்போது 2 புள்ளியாவது கூடியிருந்தால் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் என்பது வழக்கம். பந்திக்குப் போகத் தயங்குபவரின் குறை இதில்தான் பதிவாகும். பேச்சு பாதிக்கப்பட்டவருக்கும் மறதி முற்றியவருக்கும் இது சிரமம். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர்” என்று மரியாதைக்குச் சொல்பவரிடம் பொறுமையாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும். மகனோ மருமகளோ முந்திக்கொண்டு பதில் சொன்னால் அது அவர்களுடைய திருப்தியாகிவிடும்.

இலக்கு அடைவு அளவு

1968-இல் மனநலத் துறையில் பிறந்தது. ‘சட்டைப் பொத்தான் மூன்றைத் தானே போட வேண்டும்’ என்பதுபோல் ஓர் இலக்கை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எதிர்பார்த்தபடி நடந்தால் 0, மேலே போனால் +2 வரை, குறைந்தால் -2 வரை. குழந்தைகளுக்கு நன்றாகப் பொருந்தும். எளிதான இலக்கை எழுதிவிட்டு வெற்றி காட்டவும் இதில் வழியுண்டு.

எதைத் தேர்வது?

- வார்டில் நாள் குறைவு, ஆள் குறைவு: பார்தெல்.
- மறுவாழ்வுப் பிரிவில் நீண்ட சிகிச்சை: உரிமம் இருந்தால் எஃப்.ஐ.எம்.
- வீடு திரும்பியவர், வேலைக்குப் போக நினைப்பவர்: சி.ஓ.பி.எம்.
- குழந்தைகள், குறிப்பான ஒரே ஒரு தேவை: இலக்கு அடைவு அளவு.

ஒன்றோடு நிறுத்த வேண்டியதில்லை. பார்தெலும் சி.ஓ.பி.எம்.மும் சேர்ந்தால் பெரும்பாலான பெரியவர்களுக்குப் போதும். முன்னது மற்றவர் கண்ணில் தெரியும் மாற்றம், பின்னது அவருக்கே தெரியும் மாற்றம். டிஸ்சார்ஜ் அன்று நீட்டப்படும் கருத்துப் படிவத்தை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; காத்திருந்த நேரத்தையும் ஊழியர்களின் கனிவையும்தான் அது கேட்கிறது. எந்த அளவுகோலானாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே ஒருமுறை போட்டுவைக்கச் சொல்லுங்கள். முதல் எண் இல்லாவிட்டால் கடைசி எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது.