உல்ம் நகரத்தில் ஒரு டிப்ளமோக்காரன்

நம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து, சில வருடம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு, இப்போது தென் ஜெர்மனியில் உல்ம் என்ற ஊரில் இருக்கிறேன். மலருக்குக் கட்டுரை கேட்ட மாணவர் மன்றத் தம்பிகள், "ஊர் சுற்றின கதை வேண்டாம் அண்ணே, அங்கே எப்படிக் குடித்தனம் பண்றதுன்னு எழுதுங்க" என்றார்கள். அப்படியே எழுதுகிறேன்.

இருந்தாலும் ஊரைப் பற்றி நாலு வரி சொல்லாமல் முடியாது. டான்யூப் ஆற்றங்கரையில் சுமார் ஒன்றேகால் லட்சம் பேர் வாழும் ஊர் இது. பாலத்தைத் தாண்டினால் நொய்-உல்ம். அது வேறு மாநிலம், பவேரியா. 1810-ல் கிழித்த கோடு. ஊருக்குப் பெருமை மூன்ஸ்டர் தேவாலயம். 1377-ல் அடிக்கல் நாட்டி, 1543-ல் வேலை நின்று, முந்நூறு வருடம் கழித்து மறுபடி ஆரம்பித்து 1890-ல் கோபுரத்தை முடித்தார்கள். உயரம் 161.53 மீட்டர், 768 படிகள். 2025 அக்டோபரில் பார்சிலோனா தேவாலயம் மிஞ்சும் வரை உலகத்திலேயே உயரமான தேவாலயம் இதுதான். 1944 டிசம்பர் 17 இரவு நடந்த குண்டுவீச்சில் பழைய ஊரின் பெரும்பகுதி அழிந்தும் கோபுரம் தப்பி நின்றது.

கூரை மேலே ஒரு குருவி சிலை இருக்கும். தேவாலயம் கட்ட உத்தரத்தை வண்டியில் குறுக்காக வைத்துக் கொண்டுவந்து, கோட்டைவாசலில் நுழையாமல் திண்டாடினார்களாம். வாசலையே இடிக்கலாம் என்று போனபோது, ஒரு குருவி துரும்பை நீளவாக்கில் கூட்டுக்குள் நுழைப்பதைப் பார்த்துப் புத்தி வந்ததாம்! நம் ஃபிட்டிங் லேபில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். இங்கே வாடகை இரண்டு வகை: 'குளிர் வாடகை', 'சூடு வாடகை'. முதலாவது வெறும் வீட்டுக்கு. ஹீட்டர், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தால் இரண்டாவது. விளம்பரத்தில் குளிர் வாடகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அட்வான்ஸ் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்பது சட்டம். அதையும் மூன்று தவணையில் கட்டலாம். குடிவந்த இரண்டு வாரத்துக்குள், வீட்டுக்காரர் தரும் கடிதத்தோடு போய் நகர அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். வரி எண் அதன்பிறகுதான் தபாலில் வரும்.

முதல் குளிர்காலத்தில் நான் பட்டது வேறு. குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவே இல்லை. தினமும் சோறு, ரசம், துணி உலர்த்துவதும் அறைக்குள்ளேயே. ஜனவரியில் அலமாரியை நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை! வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார். திட்டவில்லை, சுவரில் கை வைத்துப் பார் என்றார். ஐஸ் மாதிரி இருந்தது. நண்பர்களே, இது நாம் தெர்மலில் படித்த பனிநிலை வெப்பம்தான். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். மீதி சுவரில் நீராக இறங்கும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன்தான் நான்! தினம் மூன்று நான்கு தடவை ஹீட்டரை அணைத்துவிட்டு, ஜன்னல்களை முழுக்கத் திறந்து ஐந்து நிமிடம் வைத்தால் போதும். அதுவரை எனக்குத் தோன்றவில்லை. பெயின்ட் செலவு என் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே அரிசி வாங்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். மாடிப்படி பெருக்கும் முறை வந்தால் நம் கதவில் ஒரு அட்டை தொங்கும். இந்த ஸ்வாபியப் பகுதியின் பழக்கம் அது. அட்டை தொங்கும் வாரம் ஊருக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி நமக்கு முக்கியமான சங்கதி. விண்ணப்பங்களில் 'டிப்ளமோ' என்று எழுதினேன். அவர்கள் மொழியில் 'டிப்ளோம்' என்றால் பல்கலைக்கழகப் பட்டம். டிப்ளோம் இன்ஜினியர் என்றால் முழு இன்ஜினியர். நேர்முகத்தில் ஒருவர், "எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டார். மூன்று வருடப் படிப்பு என்று விளக்கினேன். பொய் சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வேலை கிடைக்கவில்லை. அன்று கோபுரத்தடியில் உட்கார்ந்து யோசித்தது இன்னும் மறக்கவில்லை.

பிறகுதான் 2012-ல் வந்த அங்கீகாரச் சட்டம் பற்றித் தெரிந்தது. நம் படிப்பை அவர்களுடைய ஒரு தொழிற்பயிற்சியோடு ஒப்பிட்டு முழுச் சமம், பகுதிச் சமம் என்று சான்று தருவார்கள். தொழில் வர்த்தகப் பிரிவுகளுக்கு நூரம்பெர்க்கில் உள்ள ஐஹெச்கே ஃபோசா என்ற அலுவலகம். மார்க் லிஸ்ட் மட்டும் போதாது. எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்தப் பயிற்சி என்று கேட்பார்கள். குறையும் பாடத்தை வேலை அனுபவத்தால் ஈடுகட்டலாம். ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் கொடுத்த கடிதத்தில் "நன்றாகப் பணிபுரிந்தார்" என்று ஒரே வரி! எந்த மெஷின், என்ன வேலை, ஒன்றுமில்லை. மறுபடி ஊருக்கு எழுதி, கெஞ்சி, லேத், மில்லிங், மெயின்டனன்ஸ் என்று விவரமாக வாங்க ஐந்து மாதம் ஆனது. ஆகவே தம்பிகளே, சிலபஸை முத்திரையோடு இப்போதே வாங்கி வையுங்கள். வேலையை விடும்போது கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு வாசலைத் தாண்டுங்கள்.

எனக்கு வந்தது பகுதிச் சமம். கன்ட்ரோல் டெக்னாலஜியில் குறை என்று எழுதியிருந்தார்கள். அதற்கான பயிற்சியில் இப்போது இருக்கிறேன். காலை ஆறரைக்கு ஷிஃப்ட், கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஜன்னல்.