இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால்

விழுப்புரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். திண்டிவனத்து வீட்டுக் கொட்டகையில் கிடந்த உன் தாத்தாவின் ஹெரால்டு காரை நீ ஓட வைத்துவிட்டாய் என்று அக்கா சொன்னதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. ஆனால் நீ அனுப்பிய செய்தியைப் படித்ததும், இது போனில் நாலு வார்த்தை பேசி முடிக்கிற விஷயம் இல்லை என்று தோன்றியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முள் கால் டேங்க் காட்டும்போதே பெட்ரோல் தீர்ந்து மயிலம் ரோட்டில் வண்டி நின்றுவிட்டது, கேஜைக் கழற்றிப் போட்டுவிட்டு டிஜிட்டல் மீட்டர் வாங்கி மாட்டப்போகிறேன் என்கிறாய். கொஞ்சம் பொறு. உன் செய்தியில் நீ போகிறபோக்கில் சொன்ன இரண்டு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்று, டேங்க்கை நிரப்பினால் முள் ஃபுல்லையும் தாண்டி ஓரத்தில் போய் முட்டுகிறது. இன்னொன்று, பக்கத்திலிருக்கும் டெம்பரேச்சர் முள்ளும் சிவப்பைத் தொடுகிறது, ஆனால் தண்ணீர் கொதிக்கவில்லை. இரண்டு கேஜும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கெட்டுப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பொருள் இருக்கிறது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால், கையில் இருப்பது என்ன வண்டி என்று தெரிந்துகொள். டிரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் வந்தது. அதன் உடலை வரைந்தவர் ஜியோவானி மிக்கேலொட்டி என்ற இத்தாலியர். 1961-ல் நம் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே, வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. நாலு கதவு வைத்த ஹெரால்டு நம் நாட்டில் மட்டும்தான் வந்தது. 1972-ல் இதையே மாற்றி கேஸல் என்று விட்டார்கள். இதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, மிக்கேலொட்டியே வரைந்து, 1962-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். உலகம் முழுக்க இன்றைக்கும் ஆசையாக வைத்து ஓட்டுகிறார்கள். ஸ்பிட்ஃபயர் மீட்டருக்கு அவர்கள் செய்கிற வைத்தியம் உன் வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். இவ்வளவு பெரிய குடும்பத்து வண்டியின் டாஷ்போர்டில் அவசரப்பட்டு ஓட்டை போடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாவி போட்டதும் முள் துள்ளாமல் மெதுவாக ஏறுகிறது என்றாய். அப்படியானால் உள்ளே இருப்பது இரட்டை உலோகத் தகடு. அந்தத் தகட்டின் மேல் மயிரிழை மாதிரி கம்பி சுற்றியிருக்கும். கரண்ட் போனால் கம்பி சூடாகும், தகடு வளையும், முள் நகரும். சூடாக நேரம் பிடிப்பதால் முள்ளும் நிதானமாகத்தான் ஏறும். மேடுபள்ளத்தில் டேங்க்கில் பெட்ரோல் அலம்பினாலும் முள் ஆடாமல் நிற்க வேண்டும் என்றுதான் இப்படிச் செய்தார்கள். நல்ல யோசனை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வண்டி ஓடாதபோது பேட்டரி 12 வோல்ட், டைனமோ சார்ஜ் செய்யும்போது 14 வோல்ட். வோல்டேஜ் மாறினால் சூடும் மாறும், முள் பொய் சொல்லும். அதற்காகத்தான் டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகர டப்பாவை வைத்தார்கள். அதுதான் ஸ்டெபிலைசர். அதற்குள்ளும் ஒரு இரட்டைத் தகடுதான். சூடானால் பாயின்ட் பிரியும், ஆறினால் மறுபடி சேரும். இப்படி விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட் கேஜுக்குப் போகும்படி பார்த்துக்கொள்ளும்.

அது வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார். சூடு வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும். பத்துக்குப் பத்து நூறு, பதினாலுக்குப் பதினாலு நூற்றுத் தொண்ணூற்றாறு. அதாவது கேஜுக்குப் போகிற சூடு ஏறக்குறைய இரண்டு மடங்கு. உன் டேங்க் காலியானபோதும் முள் கால் பங்கு காட்டியதற்கும், நிறைந்தபோது ஓரத்தில் முட்டியதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

டப்பா கெட்டிருக்கும் என்று உடனே முடிவு கட்டிவிடாதே. அதன் உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பிக்கு எர்த் அந்தத் தகர உடல் வழியாகத்தான் கிடைக்கிறது. ஸ்குரூ தளர்ந்தாலோ, துரு பிடித்தாலோ, வண்டிக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அந்த இடத்திலும் அடித்துவிட்டாலோ எர்த் போய்விடும். கம்பி சூடாகாது, பாயின்ட் பிரியாது, பேட்டரி வோல்டேஜ் முழுசாகக் கேஜுக்குப் போகும். விழுப்புரத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒயரிங் பார்த்தே என் காலம் போனது. மீட்டர் கோளாறு என்று வருகிற வண்டிகளில் எர்த்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு, டப்பாவின் ஸ்குரூவைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை எமரி பேப்பரால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டு. பேட்டரியை மாட்டிச் சாவி போடு. கேஜுக்குப் போகும் முனையில் டெஸ்ட் லேம்ப் வை. விளக்கு விட்டு விட்டு எரிந்தால் டப்பா நன்றாக இருக்கிறது. இரண்டு மூன்று நிமிஷம் ஆகியும் அணையாமல் எரிந்தால் பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எரியவே இல்லை என்றால், டப்பாவுக்குக் கரண்ட் வருகிறதா என்று ஃப்யூஸிலிருந்து பார்த்துக்கொண்டு வா. டிஜிட்டல் மல்டிமீட்டர் இந்த இடத்தில் உன்னைக் குழப்பும், எண் நிற்காமல் குதித்துக்கொண்டே இருக்கும்.

டப்பா போயிருந்தால் சென்னை ரிச்சி தெருவில் 7810 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் கிடைக்கும், விலை ஒன்றும் அதிகமில்லை. பழைய டப்பாவின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு அதற்குள்ளேயே இதை உட்கார வைக்கலாம், வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகியிருந்தால்தான் இதை அப்படியே போடலாம். அதைப் பார்த்துக்கொண்டு கையை வை.

இதெல்லாம் சரியான பிறகும் பெட்ரோல் முள் மட்டும் ஒத்துவராவிட்டால் டேங்க் யூனிட்டுக்குப் போ, அதுதான் டேங்க்குக்குள் மிதவையோடு இருப்பது. அதிலிருந்து வரும் ஒயர் பச்சையில் கறுப்புக் கோடு போட்டதாக இருக்க வேண்டும், யாரும் மாற்றாமல் இருந்தால். அதைக் கழற்றிச் சாவி போட்டால் முள் எம்ப்டியில் நிற்க வேண்டும். பிறகு சாவியை அணைத்து, அந்த ஒயரை பாடியில் எர்த் செய்துவிட்டு, அதற்கப்புறம் சாவி போடு. முள் ஃபுல்லுக்கு ஏறினால் கேஜும் ஒயரும் நன்றாக இருக்கின்றன. ஏறியதும் சாவியை அணைத்துவிடு. சாவி போட்ட நிலையில் டேங்க் பக்கத்தில் ஒயரை உரசிப் பார்க்கிற பழக்கம் நம் ஊரில் பலருக்கு உண்டு. நீ அதைச் செய்யவே கூடாது. ஒரு பொறி போதும், மாப்பிள்ளை.

யூனிட்டைக் கழற்ற நேர்ந்தால் மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் அது ஓட்டை. சூடான தண்ணீரில் அமுக்கினால் எங்கே குமிழி வருகிறது என்று தெரியும். உள்ளே பெட்ரோலோ அதன் ஆவியோ இருக்கும்போது அதன் மேல் சால்டரிங் அயர்ன் படக் கூடாது. மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதே. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரும் கார்க்கும் அதைத் தாங்காது.

கேஜைத் திறப்பது கடைசி வேலை. அப்படித் திறக்க வேண்டி வந்தால், டயலைத் தின்னரோ பெட்ரோலோ தொட்டுத் துடைக்காதே, எழுத்து அப்படியே வழிந்துவிடும். முதுகில் சின்ன ஓட்டை இரண்டு இருக்கும். அவை முள்ளைத் திருத்துவதற்காக வைத்தவை, கை வைக்காதே. ஸ்பீடோமீட்டர் முள் நடுங்குவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது அநேகமாகக் கேபிள்தான். உள் கம்பியை உருவித் துடைத்து லேசாகக் கிரீஸ் போடு, ஆனால் மீட்டர் பக்கம் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் போடாதே. சுழலும்போது கிரீஸ் மேலே ஏறி மீட்டரைக் கெடுத்துவிடும்.

டிஜிட்டல் மீட்டர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் டேங்க் யூனிட் எத்தனை ஓம் காட்டுகிறது, அந்த மீட்டர் எத்தனை ஓம் கேட்கிறது என்று பார்க்காமல் வாங்கினால் அதுவும் தப்பாகத்தான் காட்டும், அதுவும் எண்ணில் காட்டும் என்பதால் நீ இன்னும் உறுதியாக நம்புவாய். தாத்தா அந்த முள்ளைப் பார்த்துத்தான் விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் வந்து போனார். அது சரியாக வேலை செய்யும், அதற்கு ஒரு வாய்ப்பு கொடு.

எர்த்தைத் தேய்த்துப் பூட்டிய பிறகு, காலி டேங்க்கில் ஐந்து ஐந்து லிட்டராகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒரு நிமிஷம் சாவி போட்டு வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள். டெஸ்ட் லேம்ப் விட்டு விட்டு எரிந்ததா, நிற்காமல் எரிந்ததா என்று எனக்கு எழுது. அதைப் பார்த்துவிட்டு ரெகுலேட்டர் வாங்க வேண்டுமா என்று சொல்கிறேன். அதுவரை டிக்கியில் பெட்ரோல் கேன் எதுவும் வைத்துக்கொண்டு சுற்றாதே. பங்கைத் தாண்டும் முன் நிரப்பிக்கொள்.

அன்புடன்,
மாமா