நிலவைச் சூரியன் ஏன் பறித்துக்கொள்ளவில்லை?

மாணவர்களே, நிலவை அதிக விசையோடு இழுப்பது பூமியா, சூரியனா? பூமி என்றுதான் உங்களில் பலர் சொல்வீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஈர்ப்பு விசை நிறைக்கு நேர் விகிதத்திலும், தொலைவின் வர்க்கத்திற்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். சூரியனின் நிறை பூமியினுடையதைப் போல் சுமார் 3,33,000 மடங்கு. நிலவிலிருந்து பூமி 3,84,000 கி.மீ. தொலைவில் உள்ளது, சூரியனோ ஏறத்தாழ 15 கோடி கி.மீ., அதாவது 390 மடங்கு. 390-இன் வர்க்கம் 1,52,100. நிறையால் பெருக்கி, இதனால் வகுத்தால் 2.2 வரும். ஆக, சூரியனே இரு மடங்குக்கு மேல் இழுக்கிறது!

பிறகு நிலவு ஏன் நம்மை விட்டுப் போகவில்லை? சூரியன் பூமியையும் சும்மா விடவில்லை அல்லவா? அதன் ஈர்ப்பால் இரண்டும் ஏறக்குறைய ஒரே முடுக்கம் பெற்று, சேர்ந்தே அதைச் சுற்றுகின்றன. நிலவு சூரியனுக்குச் சற்று அருகிலோ அப்பாலோ இருக்கும்போது முடுக்கங்களில் தோன்றும் சிறு வேறுபாடுதான் அதைப் பிரிக்க முயலும். அது பூமியின் இழுப்பில் நூறில் ஒரு பங்கு அளவே.