எண்ணுவதற்கு முன் பிரிக்கட்டும்: பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரிஞ்சாங் வீட்டுக் குறிப்புகள்

"எங்க பிள்ளை நூறு வரைக்கும் கடகடன்னு சொல்வான்" என்பது பாலர் பள்ளிப் பிள்ளை உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பெருமை. அதே பிள்ளையிடம் ஐந்து உருளைக்கிழங்கு எடுத்துவரச் சொல்லுங்கள். கைக்கு அடங்கியதை அள்ளிக்கொண்டு வருவான். எண்களின் பெயர் தெரிவது வேறு, எண்ணத் தெரிவது வேறு. மலேசியாவின் தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டமும் (2017) பொருத்துதல், ஒப்பிடுதல், வரிசைப்படுத்துதல் ஆகியவற்றை எண்களுக்கு முன்னால்தான் வைத்திருந்தது. இதற்கென மலையூரான பிரிஞ்சாங்கில் யாரும் காசு கொடுத்துப் பொம்மை வாங்க வேண்டியதில்லை. தேயிலை, காய்கறி, பூ என்று இந்த மலையின் பிழைப்பே தரம் பிரிப்பதில்தான் ஓடுகிறது.

1. கியா ஃபார்ம் சந்தையிலிருந்து வந்த பையைத் தரையில் கொட்டிவிட்டு, "சேர்ந்து இருக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து வை" என்று மட்டும் சொல்லுங்கள். நிறம் பார்த்தா, அளவு பார்த்தா என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். ஒரு சிறுமி தக்காளிகளை இரண்டு தட்டில் வைத்தாள். ஒவ்வொரு தட்டிலும் சிவப்பும் இருந்தது, காயும் இருந்தது. "இதை ஏன்மா இங்க வச்சே?" என்று பாட்டி கேட்டதும், "இதுக்கெல்லாம் தொப்பி இருக்கு பாட்டி" என்று காம்பைத் தொட்டுக் காட்டினாள். பிரித்தது சரியா என்று பார்ப்பதைவிட, ஏன் அப்படிப் பிரித்தாள் என்று கேட்பதுதான் இதில் முக்கியம். காரணம் சொல்லத் தெரிந்தால் பாதிக் கணக்கு வந்துவிட்டது.

2. இங்குள்ள குளிருக்கு எல்லார் வீட்டிலும் காலுறை குவிந்து கிடக்கும். துவைத்துக் காய்ந்ததை ஜோடி சேர்க்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். அது முடிந்ததும் ஒரே நிறத்துக் காலுறைகளை மட்டும் எடுத்து, சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்லுங்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையும் இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு குணம் மட்டும் மாற வேண்டும். நிறமும் அளவும் சேர்ந்து மாறினால் சின்னப் பிள்ளைக்குக் குழப்பம்.

3. சுங்கை பாலாஸ் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனால், பச்சைக் கொழுந்து வாடி, உருட்டுப்பட்டு, புளித்து, காய்ந்து, கடைசியில் சலிப்புக்கு வருவதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். கண் பெரிய சல்லடையில் பெரிய தூள் நின்றுவிடும். சின்னது கீழே இறங்கும். வீட்டுக்கு வந்து அதையே செய்து பாருங்கள். கொண்டைக்கடலை, பாசிப்பயறு, ரவை மூன்றையும் ஒரு பாத்திரத்தில் கலந்து, காய்கறி வடிகட்டும் கூடையையும் மாவுச் சல்லடையையும் கொடுங்கள். ஆட்டுவதற்கு முன்னால், "எது கீழே விழும், எது மேலே நிற்கும்?" என்று கேட்க மறக்காதீர்கள். கூடையில் கடலை நிற்கும், சல்லடையில் பயறு நிற்கும், ரவை தட்டில் விழும். பிள்ளை "இன்னொரு தடவை" என்று கேட்டால் சலிக்காமல் மறுபடி கலந்து கொடுங்கள்.

4. சில்லறைக் காசு நல்ல பாடம். 2012 முதல் வந்த காசுகளில் 5 சென்னும் 10 சென்னும் வெள்ளி நிறம், 20 சென்னும் 50 சென்னும் பொன் நிறம். நிறத்தைப் பார்த்துப் பிரித்தால் இரண்டு குவியல், அளவைப் பார்த்துப் பிரித்தால் நான்கு. ஒரே காசுகளை இரண்டு விதமாகப் பிரிக்கலாம் என்று பிள்ளைக்குப் புரிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பழைய காசுகளை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். அவற்றில் 5, 10, 20, 50 சென் எல்லாமே வெள்ளி நிறம்.

5. பத்து முட்டை வரும் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. ஏழு கடலையை ஒவ்வொன்றாகப் போட்டால், மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு இருப்பதும், இன்னும் மூன்று குழி காலியாக இருப்பதும் கண்ணாலேயே தெரிந்துவிடும்.

6. வீட்டில் பல்லாங்குழி இருந்தால் நல்லது. இல்லையென்றால் பக்கத்து மலாய்க்கார வீட்டில் அதே போன்ற சொங்காக் பலகை இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். ஆட்ட விதியெல்லாம் பிறகு பார்க்கலாம். குழிக்கு ஒரு சோழி விழுந்தால் போதும். எண்ணும்போது ஒன்றைத் தாண்டிப்போவதும் ஒன்றையே இரண்டு முறை தொடுவதும் இந்தப் பழக்கத்தில் குறையும்.

7. ஐந்து பிஸ்கட்டை எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "ஐந்து" என்று சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். திட்ட வேண்டாம். "அப்பாவுக்கு மூணு கொண்டுபோய்க் கொடு" என்று தினமும் ஏவிக்கொண்டே இருங்கள், வந்துவிடும்.

8. ஒரே அளவு மைலோவை ஒல்லியான உயரக் கிளாசிலும் அகலமான கோப்பையிலும் ஊற்றினால், உயரமானதில்தான் அதிகம் என்று ஐந்து வயதுப் பிள்ளை அடம்பிடிக்கும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த வயதுக்கு அது இயல்பு. வாதாடிப் பயனில்லை. பிள்ளையையே மாற்றி மாற்றி ஊற்றிப் பார்க்க விடுங்கள், மைலோவுக்குப் பதில் தண்ணீராக இருந்தால் உங்களுக்குத் துடைக்கும் வேலை மிச்சம்.

9. கடலை, காசு, சோழி எல்லாம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் பொருள்கள். மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை உள்ள வீட்டில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்த விளையாட்டுகள் வேண்டாம். தொடங்கும்போது எத்தனை எடுத்தீர்களோ, முடிந்ததும் அத்தனையையும் பிள்ளையைக் கொண்டே எண்ணி மைலோ டின்னில் போட்டு, மூடி, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.