தனியாட்டத்தில் இரு தமிழ்ப் பெண்கள்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

முன்னுரை

மாலை வேளையில் நம் பள்ளி மைதானத்தில் பூப்பந்து ஆடுவோரைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒருத்தி தவறவிட்ட பந்தை மற்றொருத்தி பாய்ந்து எடுத்து விடுவாள். அது ஐவர் கூடி ஆடும் ஆட்டம். தோல்வி வந்தாலும் ஐந்து பங்காகப் பிரித்துக் கொள்ளலாம். இறகுப்பந்துத் தனியாட்டமோ அப்படிப்பட்டதன்று. அதில் வெற்றியும் ஒருத்திக்கே, தோல்வியும் ஒருத்திக்கே. அத்தகைய ஆட்டத்தையே தம் வாழ்க்கைப் பாதையாகக் கொண்ட இரு தமிழ்ப் பெண்களைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டத்தின் இயல்பு

இறகுப்பந்துக் களத்தின் நீளம் 13.40 மீட்டர். தனியாட்டத்திற்குரிய அகலம் 5.18 மீட்டர். வலைக்கு இப்பாலுள்ள பாதி முழுவதையும் ஒருத்தியே காக்க வேண்டும். முதலில் 21 புள்ளிகள் எடுப்பவருக்கே ஆட்டம். இருவரும் 20 புள்ளிகளில் சமமாக நின்றால் இரண்டு புள்ளிகள் முந்த வேண்டும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவர் வெற்றி பெற்றவராவார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் விளையாட்டில் இறகுப்பந்து முதன்முதலாக இடம்பெற்றது டோக்கியோவில், 2021-ஆம் ஆண்டில்தான். அதில் எஸ்.யு. 5 என்பது கையில் குறைபாடு உள்ளோர் நின்று ஆடும் பிரிவு. இவர்களுக்குக் களம் குறுக்கப்படுவதில்லை. முழுக் களத்திலும் ஓடி ஆட வேண்டும்.

மட்டை பிடிக்காத கைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஆட்டத்தைத் தொடங்கும்போது பந்தைப் பிடிப்பது அந்தக் கைதான். எகிறி அடிக்கும்போது உடல் சாயாமல் நிறுத்துவதும் அதுவே. எந்தக் கை தளர்ந்தாலும் ஆட்டம் கடினமே.

காஞ்சியும் திருவள்ளூரும்

வேங்கிக்காலில் வசிக்கும் நமக்குக் காஞ்சிபுரம் தொலைவன்று. ஆரணி, செய்யாறு வழியே ஒரு பேருந்துப் பயணம்தான். அக்காஞ்சியில் 2002-ஆம் ஆண்டு பிறந்தவர் துளசிமதி முருகேசன். இவருக்குப் பிறவியிலேயே இடது கையில் குறைபாடு இருந்தது. தந்தையே முதல் ஆசானாக இருந்து இவருக்கு ஆட்டம் கற்பித்தார். பின்னர் ஐதராபாத்தில் கோபிசந்த் பயிற்சிக் கழகத்தில் பயின்றார். அதே காலத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படிக்கவும் செய்தார். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டின் இறுதிப் போட்டியில், சீன வீராங்கனை யாங் கியூசியாவை வென்று தனியாட்டத் தங்கம் பெற்றார்.

மற்றவர் திருவள்ளூரைச் சேர்ந்த மனீஷா ராமதாஸ். 2005-இல் இவர் பிறந்தபோதே வலது கையின் நரம்புகள் பாதிக்கப்பட்டன. ஆயினும் பதினேழே வயதில், 2022-இல் டோக்கியோவில் உலகப் பட்டத்தை வென்றார். அவ்வாண்டின் சிறந்த பாரா வீராங்கனை என்ற விருதை உலக இறகுப்பந்துச் சம்மேளனம் இவருக்கு அளித்தது.

தோழியே எதிராளி

2024 செப்டம்பர் 1-ஆம் நாள். பாரிஸ் பாராலிம்பிக்கின் அரையிறுதியில் இவ்விருவரும் எதிரெதிரே நின்றனர். இருவரும் ஒரே நாட்டினர், தாய்மொழியும் ஒன்றே. ஆனால் இறுதிக்குச் செல்ல ஒருவருக்கே இடம். முதல் ஆட்டம் 21-க்கு 21 என்று சமமாகி, பின்னரே துளசிமதிக்கு 23-21 எனக் கிட்டியது. அடுத்த ஆட்டத்தையும் அவரே 21-17 என வென்றார்.

தோற்ற மனீஷா என்ன செய்தார்? சோர்ந்து அமர அவருக்கு நேரமில்லை. மறுநாளே வெண்கலத்திற்கான ஆட்டத்தில் டென்மார்க் வீராங்கனை கேத்ரின் ரோசன்கிரனை 21-12, 21-8 என வென்றார். அதே நாளில் துளசிமதி இறுதிப் போட்டியில் மீண்டும் யாங் கியூசியாவைச் சந்தித்தார். இம்முறை 17-21, 10-21 எனத் தோற்று வெள்ளி பெற்றார். சென்ற ஆண்டு வென்றவரிடம் இந்த ஆண்டு தோற்பதும் இவ்வாழ்க்கையின் ஒரு பகுதியே.

அதே விளையாட்டில் குறை உயரமுள்ளோர் பிரிவில் ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவனும் தனியாட்ட வெண்கலம் வென்றார். தமிழக அரசு துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும், மற்ற இருவருக்கும் தலா 1 கோடி ரூபாயும் பரிசளித்தது. 2025 சனவரியில் மூவரும் அர்ச்சுனா விருது பெற்றனர்.

நாம் கற்க வேண்டியது

பரிசுகளைவிட அந்த அரையிறுதியே என் மனத்தில் நிற்கிறது. காலாண்டுத் தேர்வில் என் நெருங்கிய தோழி என்னைவிட நான்கு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றாள். அதற்காக ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசாமல் இருந்தேன். நான்கு மதிப்பெண்ணுக்கே நட்பைச் சுருக்கிக்கொண்ட நான், பாராலிம்பிக் இறுதி வாய்ப்பையே இழந்து மறுநாள் மட்டையை எடுத்த மனீஷாவை எண்ணி வெட்கினேன். தோழி வென்றதால் நாம் சிறுமையடைவதில்லை. நமக்குரிய ஆட்டம் மறுநாள் காத்திருக்கிறது.

முடிவுரை

பந்தயத்தில் ஓடுவோர் பலர். பரிசு பெறுபவர் ஒருவரே என்பதைப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய மடலில் சுட்டிக்காட்டி, அழியாத வெற்றிவாகைக்காக உழைக்குமாறு நம்மை அழைக்கிறார். அன்புத் தோழியரே! நம்முள் எல்லாரும் பாரிசுக்குச் செல்லப் போவதில்லை. ஆனால் தேர்வு மண்டபத்தில் ஒவ்வொருத்தியும் தனியாட்டக்காரியே. முழு மூச்சோடு ஆடுவோம். தோற்றால் மறுநாள் எழுவோம். வென்ற தோழியின் கையை மனமாரப் பற்றிக் குலுக்குவோம். நான் என் தோழியிடம் பேசிவிட்டேன்.