செக்கிங் டேபிளிலிருந்து ஒரு கதை

கேள்வி:

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தேனிப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து, வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பேன். விவசாயிகளைப் பற்றி, மீனவர்களைப் பற்றி, டீ எஸ்டேட்டைப் பற்றியெல்லாம் நாவல் இருக்கிறது. பனியன் கம்பெனிப் பெண்களைப் பற்றி ஒன்றும் கண்ணில் படவில்லை.

எங்கள் வேலையில் எவ்வளவோ இருக்கிறது ஐயா. ஓட்டை, கறை, தையல் விட்டது என்று நான் ஒரு பீஸை ஆல்டருக்குத் திருப்பி அனுப்பினால், பவர்டேபிளில் இருக்கிற அக்கா அதைப் பிரித்துத் தைக்க வேண்டும். அவருக்குப் பீஸ் ரேட். பிரிக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது. அனுப்பாமல் விட்டால் சூப்பர்வைசர் என்னைத் திட்டுவார். சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்கா பக்கத்தில்தான் நான் உட்கார வேண்டும்.

இதையெல்லாம் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும் என்று அறைத்தோழியிடம் சொன்னேன். "நீயே எழுதேன்" என்றாள். இவ்வளவு படிப்பு போதுமா? நாங்கள் பேசுகிற மாதிரியே எழுதலாமா? கம்பெனியில் தெரிந்தால் என்ன ஆகும்? எழுதினால் யார் போடுவார்கள்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:



உங்கள் தோழி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. திருப்பூரைப் பற்றி நாவலே இல்லை என்பது உண்மை இல்லை. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' சாயப்பட்டறைகளையும், அவற்றால் கெட்ட நொய்யல் ஆற்றையும் பற்றிய நாவல். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' 2004-இல் வந்தது; ஐந்து நண்பர்களின் வாழ்க்கை வழியாகப் பனியன் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த திருப்பூரைச் சொல்வது. இரண்டையும் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் திருப்பூர் புத்தகத் திருவிழா நடக்கும்போது தேடுங்கள்.

'அதான் ஏற்கெனவே எழுதிவிட்டார்களே' என்று உங்களை உட்கார வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நாவல்களைப் படித்து முடித்த பிறகும் உங்கள் குறை தீராது; எது குறை என்பது மட்டும் தெளிவாகிவிடும். திருப்பூரைப் பற்றி ஒரு நாவல் வேண்டும் என்பது மங்கலான ஆசை, அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட எழுத முடியாது. செக்கிங்கில் நிற்கிற ஒரு பெண், தான் திருப்பி அனுப்பிய பீஸைத் தைத்த பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது என்பது கதை. அதை உங்கள் கடிதத்திலேயே நாலு வரியில் எழுதிவிட்டீர்கள். இல்லாத கதை என்று நாம் ஏங்குவது பெரும்பாலும் இல்லாத விஷயத்துக்காக அல்ல. விஷயம் அங்கங்கே எழுதப்பட்டிருக்கும். நாம் நிற்கிற இடத்திலிருந்து அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் முன்னால் எழுதியவர்களைப் படிப்பது.

வெளியிலிருந்து வந்து நன்றாக எழுதியவர்களும் உண்டு. ராஜம் கிருஷ்ணன் ஒரு நாவல் எழுதுவதற்கு முன், அந்த மக்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்து, பேசி, கேட்டு வருவார். நீலகிரிப் படகர்களைப் பற்றிய 'குறிஞ்சித்தேன்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' எல்லாம் அப்படி வந்தவை. உப்பளத்தில் வேலை செய்தவர் அல்ல அவர். ஆனாலும் அவர் எழுதியிருக்காவிட்டால் அந்தப் பெண்களின் பாடு தமிழ் நாவலுக்குள் வர இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

உள்ளே இருந்து எழுதும்போது வேறொன்று நடக்கிறது. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. தலித் மக்களின் வாழ்க்கையைப் பற்றி அதற்கு முன்பும் தமிழில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தெருவில் பிறந்து, படித்து, கன்னியாஸ்திரீயாகி, மடத்துக்குள்ளும் சாதி இருப்பதைக் கண்டு வெளியே வந்த ஒரு பெண், தன் தெருவின் பேச்சிலேயே அதைச் சொன்னது புதிது. வெளியிலிருந்து வருபவர் துயரத்தைத்தான் முதலில் பார்ப்பார். உள்ளே இருப்பவருக்குச் சிரிப்பும் சண்டையும் பலகாரமும் விளையாட்டும் சேர்ந்தே தெரியும். 'கருக்கு'வில் அவ்வளவும் இருக்கின்றன. உங்கள் கதையிலும் துயரம் மட்டுமே இருந்தால், நீங்களும் வெளியே நின்றுகொண்டு எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் நீங்களும் தோழிகளும் எங்கே போவீர்கள், யார் யாரைக் கேலி செய்வார்கள், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வரும்போது எதைப் பற்றிப் பேசிக்கொண்டு நடப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

படிப்பு போதுமா என்று கேட்கிறீர்கள். மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குப் போனவர் அல்ல. மேலாண்மறைநாடு கிராமத்தில் சின்னக் கடை வைத்துப் பிழைத்தபடி கதை எழுதினார். அவருடைய 'மின்சாரப்பூ' சிறுகதைத் தொகுப்புக்கு 2007-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நீங்கள் அவரைவிட ஏழு வகுப்பு கூடவே படித்திருக்கிறீர்கள். கதைக்குப் பள்ளிப் படிப்பைவிட, விடாமல் வாசிக்கிற பழக்கம்தான் தேவை. அது உங்களிடம் இருக்கிறது.

பேசுகிற மாதிரி எழுதலாமா? கதாபாத்திரங்கள் பேசும்போது கட்டாயம் அவரவர் பேச்சிலேயே பேசட்டும். திருப்பூரில் இது சுவாரஸ்யமான சங்கதி. ஒரே டேபிளில் கோயம்புத்தூர்ப் பேச்சும் தேனிப் பேச்சும் தஞ்சாவூர்ப் பேச்சும் கலந்து கிடக்கும். இப்போது ஒடியாவும் இந்தியும் சேர்ந்திருக்கும். அந்தக் கலப்பை ஒரே மாதிரித் தமிழாக்கிச் சமன் செய்துவிடாதீர்கள். கதை சொல்லும் குரலை மட்டும் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். 'கருக்கு' முழுக்கவே பேச்சுமொழியில் இருக்கிறது. எளிய எழுத்துத் தமிழில் கதையைச் சொல்லி, உரையாடலை மட்டும் பேச்சுத் தமிழில் வைப்பவர்கள்தான் அதிகம். எது உங்களுக்குத் தடையில்லாமல் வருகிறதோ அதில் தொடங்குங்கள். பாதி வழியில் மாற்றிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

ஆல்டர், பவர்டேபிள், பீஸ் ரேட் போன்ற சொற்களுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் விளக்காமலே எனக்குப் புரிந்தது. ஏனென்றால் ஒவ்வொரு சொல்லோடும் ஒரு செயலும் ஒரு முகமும் சேர்ந்து வந்தன.

கம்பெனியில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைச் சாதாரணமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 'கருக்கு' வந்த பிறகு சொந்த ஊரிலேயே எதிர்ப்பு கிளம்பி, சில மாதங்கள் பாமா ஊருக்குள் போக முடியாமல் இருந்தது. பின்னால்தான் ஊர் அந்தப் புத்தகத்தைப் புரிந்துகொண்டது. உங்கள் விஷயத்தில் வேலையே போகலாம். எனவே தன்வரலாறாக எழுதாமல் கதையாக எழுதுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. நீங்கள் பார்த்த இரண்டு மூன்று சூப்பர்வைசர்களைக் கலந்து ஒருவராக்குங்கள். ஆளின் வயது, ஊர், குடும்பம், நடந்த சம்பவத்தின் வருடம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். புனைபெயர் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். முதலாளிக்குக் கோபம் வருவதைவிட, அந்தப் பவர்டேபிள் அக்காவுக்கு மனம் நோவதுதான் உங்களை அதிகம் பாதிக்கும். அவரை எழுதும்போது, அவரே படித்தால் என்ன சொல்வார் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அவரைக் கெட்டவராக எழுத வேண்டியதில்லை, தியாகியாகவும் ஆக்க வேண்டாம். அவருக்குப் பணமாக எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டாலே அவர் பக்க நியாயம் தானாக வந்துவிடும்.

எப்படித் தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நாவலைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு சிறுகதை போதும். ஒரே ஒரு ஷிப்ட், ஒரே ஒரு ஆல்டர் பீஸ், இரண்டு பெண்கள். காலையில் கம்பெனி திறப்பதில் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரத்துக்கு வருவதற்குள் வாசகர் களைத்துவிடுவார். பீஸ் திரும்பிப் போகிற கணத்தில் ஆரம்பியுங்கள். அந்தப் பெண் பிறந்தது, திருப்பூர் வந்தது எல்லாம் தேவைப்பட்ட இடத்தில் ஒரு வரியாக வந்தால் போதும். கூலி குறைவு, நேரம் அதிகம் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். பிரித்துத் தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரத்தில் அவர் எத்தனை பீஸ் தைத்திருப்பார் என்று காட்டினால் வாசகரே சொல்லிக்கொள்வார்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்காத நாளில், அன்று காதில் விழுந்த ஒரு பேச்சை மட்டும் அப்படியே நோட்டில் குறித்துவையுங்கள். தேதியும் போடுங்கள். மனத்தில் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். சம்பவம் நினைவிருக்கும், சொன்ன விதம் மறந்துபோகும்.

நாவல் என்று பிறகு யோசிக்கும்போது, உங்களுக்கு முன்னால் வந்தவர்களிடம் போய்க் கேளுங்கள். 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. செய்தித்தாளில் இவை தேதியும் எண்ணிக்கையுமாகப் பதிவாகியிருக்கின்றன. அந்த 127 நாளும் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, யார் கடன் கொடுத்தார்கள், எந்த நகை அடகுக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, யார் போடுவார்கள்? மதுரையிலிருந்து வரும் 'செம்மலர்' உழைக்கும் மக்களின் கதைகளுக்குப் பல பத்தாண்டுகளாக இடம் கொடுத்து வருகிறது. 'காலச்சுவடு', 'உயிர்மை', 'கணையாழி' போன்றவையும் உண்டு. அனுப்புவதற்கு முன் அந்த இதழின் இரண்டு மூன்று பிரதிகளைப் படித்து, அவர்கள் எந்த மாதிரிக் கதைகளைப் போடுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் கதையின் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் இன்னொரு இதழுக்கு அனுப்புங்கள்.

திரும்பி வருவதைப் பற்றிப் பேசும்போது ப. சிங்காரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. இளம் வயதில் பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குப் போய் ஒரு கடையில் வேலை பார்த்தவர். திரும்பி வந்து மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் இருந்த தமிழர்களைப் பற்றி 'புயலிலே ஒரு தோணி'யை எழுதி முடித்துவிட்டு, பதிப்பாளர் கிடைக்காமல் பல வருடம் காத்திருந்தார். 1972-இல்தான் அது புத்தகமாயிற்று. அப்போதும் பெரிய கவனம் கிடைக்கவில்லை. அவர் எழுதியது மொத்தம் இரண்டே நாவல்கள். இன்று தமிழின் சிறந்த நாவல்களைப் பட்டியல் போடுகிறவர்கள் 'புயலிலே ஒரு தோணி'யை விடுவதில்லை. காத்திருப்பது நல்லது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அவர் எழுதிவைத்ததால்தான் அந்தக் கடைகளும் தெருக்களும் போரும் நம்மிடம் இருக்கின்றன. அதே ஊர்களில் இருந்துவிட்டு எழுதாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பார்த்தது அவர்களோடு போயிற்று.

உங்கள் கதை அச்சில் வரும் நாளில் ஒன்று நடக்கும், அதற்கும் தயாராக இருங்கள். பவர்டேபிளில் இருக்கிற ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, "செக்கிங்காரி எழுதினால் இப்படித்தான் இருக்கும், எங்க கஷ்டம் இவளுக்கு என்ன தெரியும்" என்பார். அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கும். அவருக்கு நீங்கள் மறுப்பு எழுத வேண்டாம். உங்கள் தோழி உங்களிடம் சொன்னதையே அவரிடம் சொல்லுங்கள்.