சேவையக நிரல்களைச் சோதித்தலும் பிழை நீக்கலும்

நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவைக் குறிக்கும் ஊழியர், அவ்வளவை இணையப் படிவத்தின் வாயிலாகவும் அனுப்புவதுண்டு. அவர் காண்பது படிவத்தை மட்டுமே. அனுப்பிய எண்ணைப் பெற்று, சரிபார்த்து, சேமித்து வைப்பது தொலைவிலுள்ள கணிப்பொறியாகும். அதனைச் சேவையகம் என்றும், அதனை இயக்கும் கட்டளைத் தொகுதியை நிரல் என்றும் கூறுவர். நிரல் கண்ணுக்கெட்டாத இடத்தில் இயங்குவதால், அதன் பிழையும் எளிதில் புலப்படுவதில்லை.

இருவகைப் பிழைகள்

முதல் வகை வெளிப்படையானது. நிரல் இடையில் முறிந்துபோனால், சேவையகம் பெரும்பாலும் 500 என்னும் குறியீட்டை விடையாக அனுப்பும். முறிந்த வரியின் எண்ணைப் பிழைப் பதிவேட்டில் காணலாம். பொதுமக்கள் பயன்படுத்தும் சேவையகத்தில் இவ்விவரங்களைத் திரையில் காட்டலாகாது. அவை தீயோருக்கு உதவக்கூடும்.

இரண்டாம் வகை மௌனமானது. சேவையகம் 200, அதாவது வெற்றி, என்றே விடையளிக்கும். சேமிக்கப்பட்ட எண் மட்டும் தவறாயிருக்கும். இதுவே அதிக ஆபத்தானது.

ஓர் உதாரணம்

1995-இல் வெளியான பி.எச்.பி. மொழியில், ஒரு மதிப்பு வெறுமையா என்று அறிய ‘எம்ப்டி’ என்னும் சோதனை உண்டு. அச்சோதனை, 0 என்று எழுதப்பட்டதையும் வெறுமை எனவே கொள்ளும். ஆனால் படிவத்திலிருந்து 0.0 என்று வந்தால் அவ்வாறு கொள்ளாது. நிரலாசிரியர் இதனை மறந்தால், மழை பெய்யாத நாள் அளவெடுக்காத நாளாகிவிடும்.

ஐந்து நிலையங்களின் அளவுகள் 0, 0, 10, 20, 20 மி.மீ. என்க. உண்மைச் சராசரி 10 மி.மீ. சுழிகள் விடுபட்டால் அது 16.7 மி.மீ. ஆகிவிடும். வறட்சியே கணக்கில் மறைந்துபோகும்.

பிழையைக் காணும் முறை

1. மெய்யான தரவுகளைத் தொடாமல், நிரலின் சோதனைப் படியொன்றில் அதே பிழையை மீண்டும் தோன்றச் செய்க.

2. ஒரு முறைக்கு ஒன்றாக வெற்றிடம், 0, 0.0, 5, −1, ‘ஐந்து’ ஆகியவற்றை அனுப்பி விடைகளைக் குறித்துக்கொள்க.

3. பெற்ற எண், சரிபார்த்த எண், சேமித்த எண் ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுதச் செய்க. எந்த இரண்டிற்கும் இடையில் எண் மாறுகிறதோ, அங்கேதான் பிழை உள்ளது.

4. நிரலைத் திருத்துக. கட்டத்தில் ஒரு குறியும் இல்லாதபோது மட்டுமே அதை வெற்றிடம் எனக் கொள்ளல் வேண்டும். வந்தது எண்தானா, குறையெண்ணா என்பதைத் தனியே சோதித்தல் வேண்டும்.

5. எல்லாச் சோதனைகளையும் மறுபடியும் செய்க. பின்னர் நிரல் மாற்றப்படும்போதெல்லாம் பயன்படுமாறு அவற்றைப் பாதுகாத்து வைக்க.

நிரலைத் திருத்தியதால் பழைய தவறுகள் தாமே நீங்கிவிடா. விடுபட்ட சுழிகளைக் கைப்பதிவேட்டுடன் ஒப்பிட்டே மீட்டல் இயலும். ஆதலின் ஊழியர்கள் அப்பதிவேட்டைக் கைவிடலாகாது. குறையைத் தெரிவிக்கும்போது “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதாமல், அனுப்பிய நேரம், இட்ட எண், கண்ட விடை ஆகியவற்றையும் குறிப்பிடுக.

பயிற்சி: 0, 4, 0, 8 ஆகியவற்றின் சராசரியைச் சுழிகளைச் சேர்த்தும் விடுத்தும் மாணவர்கள் கணக்கிட்டு ஒப்பிடுக. (விடை: 3, 6)